சேரியைத் தோண்டாத தொல்லியல்

கீழடிக்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லோரும் தொல்லியல் பேசுகிறார்கள். பட்டிமன்றத்தில் பேசுகிறார்கள், சட்டமன்றத்தில் பேசுகிறார்கள், டீக்கடையில் பேசுகிறார்கள். பேசட்டும். மண்ணுக்குள் கிடந்தது வெளியே வருவதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்குள் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: ‘அங்கே சாதி இல்லை.’ பெருங்கோயில் கிடைக்கவில்லை, சாமி சிலை கிடைக்கவில்லை, ஆகவே சாதியும் இல்லை என்று ஒரே மூச்சில் முடித்துக் கைதட்டு வாங்குகிறார்கள். இந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து வந்ததா, மேடையிலிருந்து வந்ததா? தொல்லியலை ஓர் அறிவியலாகப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். தொல்லியல் பட்டம் என்னிடம் இல்லை. ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அடுத்தடுத்து மூன்று கட்டம் நடந்தது. அந்த வட்டாரம் முழுக்கப் பட்டாசு ஆபீஸ்கள். எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ‘ஆபீஸ்’தான். அதனால் இது எனக்கு எட்டாத தூரத்து விஷயமில்லை.

1

தொல்லியலை வெகுமக்களிடம் கொண்டுபோன பிரதி என்றால், துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட ‘கீழடி: வைகை நதிக்கரையில் சங்ககால நகர நாகரிகம்’ என்ற சிறு நூல்தான். அதை வாசிப்பதிலிருந்து தொடங்கலாம். முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமத் துண்டை அமெரிக்காவின் மயாமி நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதன் காலம் கி.மு. 580 என்று சொல்கிறது. எந்த ஆழம், எந்த ஆய்வகம், என்ன முடிவு என்று கணக்குக் காட்டுகிறது. தொன்மை பற்றிய வாய்ச்சவடாலையே கேட்டுப் பழகிய நமக்கு இது புதுசு. உயிரோடு இருக்கும்வரை மரமும் மாடும் மனுசனும் கரிமத்தை உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். செத்தபிறகு கரிமம்-14 மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. 5,730 ஆண்டில் பாதியாகிறது. மிச்சத்தை எண்ணினால் காலம் தெரியும். அரண்மனைக் கரிக்கும் அடுப்படிக் கரிக்கும் இந்தக் கணக்கில் வித்தியாசமில்லை. இப்படி ஒரு சமத்துவமான சாட்சி நம் வரலாற்றுக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை.

பலவீனம் காலக்கணிப்பில் இல்லை, மொழியில் இருக்கிறது. நான்காம் கட்டத்தில் மட்டும் 5,820 தொல்பொருட்கள். தக்களி இருக்கிறது, நெசவுக்கான எலும்புக் கருவி இருக்கிறது, பானை இருக்கிறது, செங்கல் கட்டுமானம் இருக்கிறது. எல்லாம் உழைப்பின் தடயம். நூற்றது யார், சுட்டது யார், சுமந்தது யார் என்று கேட்டால் பதில் ‘சமூகம்’. சமூகம் நெய்தது, சமூகம் வணிகம் செய்தது. வேலைக்குச் சாட்சி இருக்கிறது, வேலை செய்த ஆளுக்கு வாக்கியத்தில் இடமில்லை. ‘சிவகாசி பட்டாசு தயாரிக்கிறது’ என்று பத்திரிகைகள் எழுதுவதும் இதே இலக்கணத்தில்தான். சிவகாசி என்ற ஊரா மருந்து செலுத்துகிறது? சிவகாசியா திரி வெட்டுகிறது?

எலும்புக்கு வருவோம். கீழடியின் 70 எலும்புத் துண்டுகள் புணே டெக்கான் கல்லூரிக்குப் போயின. மாடு, எருமை, ஆடு, மான் வகைகள், காட்டுப்பன்றி, மயில் என்று அடையாளம் கண்டார்கள். மாடும் எருமையும் ஆடும் அதிகம், ஆகவே கால்நடை வளர்த்த சமூகம் என்கிறது நூல். மான், ஆடு, காட்டுப்பன்றி எலும்புகளில் வெட்டுத் தழும்பு இருக்கிறது, ஆகவே அவை உணவு என்கிறது. சரி. மாடு என்ன ஆச்சு? செத்த மாட்டை இழுத்துப்போனது யார், தோலை உரித்தது யார், கறியைத் தின்றது யார்? எழுபது துண்டை வைத்து மாடு தின்றார்கள் என்றும் சொல்ல முடியாது, தின்னவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பியிருக்கலாம் அல்லவா? மாட்டுக்கறிக்காக ஆளையே அடித்துக் கொல்லும் நாட்டில் அந்த மௌனம் வெறும் மௌனமாக இருப்பதில்லை.

இன்னொன்று. தலைப்பிலேயே ‘சங்ககாலம்’ இருக்கிறது. மண்ணையும் பாட்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறார்கள். படிப்போம், ஆனால் முழுசாகப் படிப்போம். அதே சங்கப் பாடல்களுக்குள் இழிசினன் இருக்கிறான், புலையன் இருக்கிறான், துணி வெளுக்கும் புலைத்தி இருக்கிறாள். யவனர் கப்பலுக்குப் பாட்டைச் சாட்சி கூப்பிடுகிறவர்கள், புலைத்திக்கு மட்டும் ஏன் கூப்பிடுவதில்லை? அந்தச் சொற்கள் இன்றைய தீண்டாமையையே குறிக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றைத் தாண்டிக் குதித்துவிட்டு ‘சாதியற்ற நாகரிகம்’ என்று சொல்ல முடியாது என்கிறேன்.

2

கிடைக்கவில்லை என்பது வேறு, தேடவில்லை என்பது வேறு. கீழடி மேடு 110 ஏக்கர். தோண்டியது அதில் ஒரு மூலை.

சேரி என்பது ஒரு வசைச்சொல்லாக நம்மேல் எறியப்படுகிறது. ஆனால் அது முதலில் ஒரு இடம். இடம் என்றால் அது தொல்லியலின் பொருள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் காலத்திலேயே பறைச்சேரி இருக்கிறது, கம்மாணச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரி என்றே ஒரு சொல் இருக்கிறது. வரி கழிக்க வேண்டிய நிலக்கணக்கில் அவை வருகின்றன. கல்லில் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, எல்லை இருக்கிறது. நான் வாசித்த அகழாய்வு அறிக்கைகளில், அந்தச் சேரி எங்கே என்று கேட்டுப் போடப்பட்ட குழி ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. கோட்டைக்குக் குழி, துறைமுகத்துக்குக் குழி, அரண்மனைக்குக் குழி. சேரிக்குக் குழி கிடையாது.

இந்தக் கேள்வி நமக்குப் புதுசில்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், ஏட்டையும் கல்வெட்டையும் பழைய பௌத்தத் தடயங்களையும் வைத்து, தாழ்த்தப்பட்டவர்கள் எப்போதும் தாழ்ந்தவர்களாக இருந்ததில்லை என்று வாதாடினார். 1948இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அம்பேத்கர் சொன்னது இன்னும் கூர்மையானது. சிதறுண்ட குழுவினர் ஊருக்கு வெளியே குடியமர்ந்தார்கள், பௌத்தத்தை விடாமலும் செத்த மாட்டுக் கறியை விடாமலும் இருந்ததால் தீண்டப்படாதவர்களாக்கப்பட்டார்கள், இது கி.பி. 400 வாக்கில் நடந்தது என்பது அவர் கருதுகோள். இதைச் சமயநூல் விவாதமாகவே படித்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், தோழர்களே. ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு, மாட்டெலும்பு, ஒரு காலக்கணக்கு. மூன்றையும் மண்ணில் சோதிக்க முடியும். ஒரு குடியிருப்பு தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, குப்பைக்குழியில் என்ன எலும்பு, வீடு எதனால் கட்டியது, பிணத்தை எங்கே புதைத்தார்கள் என்று கேட்கலாம். எழுபத்தைந்து ஆண்டு தாண்டியும் அந்தக் கருதுகோளை மண்வெட்டியோடு சந்திக்க எந்தப் பல்கலைக்கழகம் புறப்பட்டது?

ஒருவேளை 2,600 ஆண்டுக்கு முன் வைகைக்கரையில் தீண்டாமை இல்லாமலே இருந்திருக்கலாம். இருந்தால் அது நமக்குத்தான் எல்லோரையும்விடப் பெரிய செய்தி. தொடக்கம் உள்ள நோய்க்கு முடிவும் உண்டு. ஆனால் அதை நிரூபித்துத் தாருங்கள். பரிசாகத் தராதீர்கள். முன்காலத்தில் சாதி இல்லை என்று சொல்லிவிட்டு இந்தக்காலத்து இரட்டைச் சுடுகாட்டைப் பற்றிப் பேசாமலிருக்க அந்தப் பரிசு ரொம்ப வசதி.

இந்த விமர்சனத்தைத் தில்லி கடன் வாங்கிக்கொள்ள விடக்கூடாது. கீழடியில் தோண்டத் தொடங்கிய அமர்நாத் ராமகிருஷ்ணனை 2017இல் அசாமுக்கு மாற்றினார்கள். 2023 ஜனவரியில் அவர் கொடுத்த 982 பக்க அறிக்கையை 2025 மே மாதம் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். திருத்த முடியாது என்றார் அவர். அந்த இடத்தில் நாம் அவர் பக்கம். வேதகாலப் பெருமைக்கு மாற்றாகத் தமிழ்ப் பெருமை வைக்கப்படும்போது நமக்கென்று மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அவ்வளவுதான்.

3

தொல்லியல் அறிவியல் என்று தனியாகச் சொல்கிறார்களே, அதில் என்ன படிக்கிறார்கள்? வேதியியல், இயற்பியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல், மரபணுவியல் இவற்றை மண்ணுக்குள் கிடப்பவற்றின்மேல் பிரயோகிப்பது. பல்லில் உள்ள ஸ்ட்ரான்சியத்தை அளந்தால் அந்த ஆள் சின்ன வயசில் எந்த நிலத்துத் தண்ணீர் குடித்தார், பிறகு இடம்பெயர்ந்தாரா என்று சொல்ல முடியும். எலும்பிலுள்ள நைட்ரஜன் கறி தின்றவரா, கம்பும் கஞ்சியுமாக வாழ்ந்தவரா என்று காட்டும். பால்பருவத்தில் பட்டினி கிடந்தால் பல் எனாமலில் கோடு விழும். பாரம் சுமந்த முதுகெலும்பு தேய்ந்து கிடக்கும். எழுத்து மறுக்கப்பட்டவர்களின் உடம்பே ஏடு. நாம் எழுதுகிற தன்வரலாறுகளுக்கு முந்திய தன்வரலாறு அங்கே கிடக்கிறது.

இது கற்பனையில்லை. 1991இல் நியூயார்க்கில் அரசுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பர்களின் இடுகாடு வெளிப்பட்டது. நானூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். கட்டடக்காரர்களும் அதிகாரிகளும் அவசர அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கினார்கள். எங்கள் மூதாதையரை யார் ஆராய்வது என்று நாங்கள்தான் தீர்மானிப்போம் என்றார்கள். ஆய்வு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பிளேக்கி என்ற கறுப்பின ஆய்வாளர் கைக்கு வந்தது. அளக்கும் கருவி பழைய கருவிதான், கேள்வி மாறியது. இனவகை என்ன என்ற கேள்வி போய், எங்கே பிறந்தார்கள், என்ன வேலை வாங்கினார்கள், எப்படிச் செத்தார்கள் என்ற கேள்வி வந்தது. பெண்களின் எலும்பிலும் குழந்தைகளின் பல்லிலும் அடிமைத்தனம் அளந்து எழுதப்பட்டது. 2003இல் மரியாதையோடு மறுபடி புதைத்தார்கள். அங்கே இன்று தேசிய நினைவிடம் இருக்கிறது.

இங்கும் ஒரு தொடக்கம் உண்டு. ஹைதராபாத் ஆய்வகமும் ஹார்வர்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, இந்திய மக்கள் குழுக்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை தாராளமாகக் கலந்திருக்கிறார்கள், பிறகு கலப்பு நின்று அகமணம் இறுகியது என்று காட்டியது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில், சாதியின் உயிர்நாடி அகமணம் என்று வாதிட்ட இருபத்தைந்து வயது இளைஞரின் கட்டுரையை இத்தோடு வைத்துப் படியுங்கள். அம்பேத்கருக்கு ரத்தச்சோதனை தேவைப்படவில்லை. வந்தபோது அது அவர் பக்கமே நின்றது. அதேசமயம் மரபணுவை வைத்து ‘யார் ஆதி, யார் வந்தேறி’ என்று தூய்மைப் போட்டி நடத்துகிறவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். தூய ரத்தம் என்ற பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் அது நம்மைச் சேரிக்கு அனுப்பிய பேச்சுதான்.

4

அப்படியானால் யார் படிக்கிறார்கள்? 2020 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறை தன் பண்டித தீனதயாள் உபாத்யாய நிறுவனத்தில் முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு விளம்பரம் கொடுத்தது. செம்மொழி எம்.ஏ. தகுதிப் பட்டியலில் சமஸ்கிருதம் இருந்தது, பாலி, பிராகிருதம், அரபு, பாரசீகம் இருந்தன. தமிழ் இல்லை. தமிழ்நாடே கொதித்தது. சில நாளில் பட்டியலைத் திருத்தித் தமிழையும் சேர்த்தார்கள். தமிழ் எம்.ஏ. என்ற முறையில் நானும் சந்தோஷப்பட்டேன். மொழிக்கு மூடியிருந்த கதவு திறந்தது. தெருவுக்கு மூடியிருக்கும் கதவைப் பற்றி அன்றைக்குக் கொதித்தவர்களில் எத்தனை பேர் பேசினார்கள்?

ஒரு பல்கலைக்கழகம். பேர் வேண்டாம். ஆய்வுப் படிப்பு நேர்காணலில் ஒரு பேராசிரியர் என் சான்றிதழைப் பார்த்தார். ‘சிவகாசிப் பக்கமா?’ என்றார். ஆமாங்கய்யா என்றேன். ‘அங்க எந்தத் தெரும்மா?’ என்றார். தெருப் பேரைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார், அதற்குப் பிறகு பாடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. எந்தத் தெரு என்பது தொல்லியலுக்கு ரொம்ப அவசியமான கேள்வி. அதை மண்ணிடம் கேட்க வேண்டும். இவர்கள் மாணவியிடம் கேட்கிறார்கள்.

குழிக்குள் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். எங்கள் அத்தை ஒருத்தி ஒரு வருசம் அகழாய்வுக் குழியில் கூலிக்குப் போனாள். பக்கத்து ஊரில் விபத்து நடந்து, அதிகாரிகள் சோதனை என்று வந்து ஆபீஸ்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். அவள் சொன்னாள்: ‘ஏத்தா, மண்ணு மாறுறது எனக்குக் கண்ணுக்கு முந்தி காதுக்குத் தெரிஞ்சிரும். மம்பட்டி சத்தம் மாறும்ல. கரிசல் முடிஞ்சு சாம்ப மண்ணு வந்தா பொதுக்குனு விழும். நிப்பாட்டுங்க சார்னு நான்தான் சொல்லுவேன். அந்தப் படிக்கிற பிள்ளைக அப்புறந்தான் பிரஷ்ஷ தூக்கிட்டு ஓடியாருவாக.’

மண்ணடுக்கு வாசிப்பு என்று பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித்தாள் இருக்கிறது. எழுதிப் பாஸானால் மதிப்பெண். அத்தைக்கு அன்றாடக் கூலி. நான் படித்த அறிக்கைகளில் பெரும்பாலும் இவர்கள் ‘உள்ளூர்த் தொழிலாளர்கள்’ என்ற இரண்டு சொல்லுக்குள் முடிந்துபோகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் பானையில் கீறிய ஆதனுக்கும் குவிரனுக்கும் பேர் இருக்கிறது. பானையை எடுத்துக் கொடுத்த கைக்குப் பேர் இல்லை.

5

இனி எங்கள் வட்டாரத்துக்கே வருகிறேன். வெம்பக்கோட்டையில் ஆயிரக்கணக்கில் பொருட்கள் வந்தன. கண்ணாடி மணி, சூதுபவளம், ஆட்டக்காய், சுடுமண் உருவம், கொஞ்சம் தங்கம். ரொம்ப முக்கியமானது சங்கு வளையலும் வளையல் அறுத்த துண்டுகளும். கடலோரத்திலிருந்து சங்கைக் கொண்டுவந்து வைப்பாற்றங்கரையில் அறுத்திருக்கிறார்கள். ‘பழங்கால வணிக மையம்’ என்று செய்தி வந்தது. சங்கை அறுத்தவர் யார்? அகநானூறு 24ஆம் பாட்டில் வேள்வி செய்யாத பார்ப்பனன் ஒருவன் சங்கு அறுக்கிறான். எந்தத் தொழிலை எவர் செய்தார், எப்போது தொழில் சாதியானது என்ற பெரிய விவாதம் அந்த ஒரு பாட்டிலும் அந்த மேட்டுத் துண்டுகளிலும் கிடக்கிறது. சங்குத்தூசியை மூச்சில் இழுத்த நெஞ்சு எத்தனை வருசம் தாங்கியிருக்கும் என்று எங்களுக்குத்தான் கேட்கத் தோன்றும். ஏனென்றால் எங்கள் வீட்டு நெஞ்சுகள் அலுமினியப் பவுடரை இழுத்துக்கொண்டிருக்கின்றன.

பச்சை வெளிச்சத்துக்குப் பேரியம், எங்கள் பக்கம் ‘பச்சை உப்பு’. சிவப்பு வெளிச்சத்துக்கு ஸ்ட்ரான்சியம். பேரியம் உப்புக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை போட்டது. இரண்டும் கால்சியத்தின் குடும்பம், உடம்புக்குள் போனால் எலும்பில் தங்கக்கூடியவை. ஆதிமனிதன் எந்த ஊர் என்று பார்க்கப் பல்லில் தேடுகிறார்களே, அதே ஸ்ட்ரான்சியம்தான். மருந்து ரூமில் முப்பது வருசம் இருந்த ஒரு அம்மாவின் எலும்பில் என்ன இருக்கும் என்பது அறிவியல் கேள்வி. அதை யார் கேட்பது என்பது சாதிக் கேள்வி.

2025இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூலின் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கீழடியின் இடுகாடான கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு முகம் வரைந்து காட்டின. பார்க்க நம் வீட்டு ஆட்கள் மாதிரி இருந்தார்கள். நல்ல வேலை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 பிப்ரவரியில் ராமுத்தேவன்பட்டி. இந்த ஆபீஸ் விபத்துகளில் பெத்தவளே அடையாளம் சொல்ல முடியாமல் கருகிய உடம்புகள் உண்டு. செத்தவனுக்கு முகம் கொடுக்கத் தெரிந்த அறிவியல், அந்த முகம் போனது எதனால் என்று எழுதவும் தெரிந்த அறிவியல்தான். உராய்வா, கலவையா, எந்த ரூமில் எத்தனை பேர் என்று மண்ணடுக்கைப் படிப்பதுபோலச் சாம்பலைப் படிக்க முடியும். விபத்து நடந்த இடத்தை ஜேசிபி வைத்து வழித்துப் போடும் முன்னால் அதைக் கேட்க நம்மில் ஒரு ஆள் படித்திருக்க வேண்டும்.

6

படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இது. வரலாறு படித்தவர்களுக்கு மட்டும்தான் தொல்லியல் என்று நினைக்காதீர்கள். வேதியியல் பி.எஸ்சி., விலங்கியல், நிலவியல் படித்த நம் பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கிறது. தமிழ் எம்.ஏ.வுக்குக் கதவு திறந்துவிட்டது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், புணே டெக்கான் கல்லூரி என்று இடங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் போடுங்கள். எந்தத் தெரு என்று கேட்டால் தெருப் பேரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, ‘ஐயா, அந்தத் தெருவைத்தான் தோண்டப் போகிறேன்’ என்று சொல்லுங்கள்.

இயக்கத் தோழர்களுக்கு மூன்று விஷயம். அகழாய்வுக் குழியில் வேலை பார்த்தவர்கள் பேரை அறிக்கையில் போடச் சொல்லி எழுதிக் கேட்போம். கல்வெட்டில் பேர் உள்ள சேரி ஒன்றையாவது ஆய்வுக்கு எடுக்கச் சொல்வோம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். நம் தெருவில் பழைய கிணறு எது, இடுகாடு எங்கே இருந்து எங்கே மாற்றப்பட்டது, வீடு தோண்டும்போது எந்த ஆழத்தில் ஓடு வந்தது என்று கிழவிகளிடம் கேட்டு எழுதி வைப்போம். நாளைக்கு ஒரு பிள்ளை படித்துவிட்டு வந்து கேட்கும்போது கொடுக்க நம்மிடம் ஒரு நோட்டாவது இருக்க வேண்டும்.